மவுஸ் பேட் மேல ஒட்டின பொட்டு

1
"கர்சர் மறுபடியும் ஓடிப்போச்சு சார்! பொட்டு மேலதானே வெச்சேன்?"

"பொட்டு நெத்திக்கு அம்மிணி, மவுஸ் பேடுக்கு இல்ல. சும்னே, சும்மா சும்மா மிஷினைத் திட்டாதீங்க!"

தொண்ணூத்தி ஒம்போதுல, மைசூர் அக்ரஹாரத்துல, ஒரு பிரஸ் வாசல்ல ஜெராக்ஸுக்கு நின்னப்போ காதுல விழுந்த சண்டை. மீதியெல்லாம் கற்பனை, இப்பவே சொல்லிடறேன். மகேஸ்வரி, முதலாளி காளியப்பன், ரெண்டு பேரும் நான் வெச்ச பேரு.

2
மகேஸ்வரி ஊதுபத்தி ஃபேக்டரியில இருந்து கண்ணீரோட வந்தவ. ['கண்ணீரோட'ங்கறதை அடிச்சிட்டேன். அவ அழற ஆள் இல்ல.] அந்தத் தூள் மூச்சுக்கு ஒத்துக்கல, அவ்ளோதான். டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியிருந்தா. ஒரு வாரம் பார்க்கறேன்னார் காளியப்பன். இன்னைக்குக் கடைசி நாள். கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் பார்க்க மதிய பஸ்ஸுல சாமராஜநகர் பார்ட்டி வர்றாங்க. அதுக்குள்ள முடியலன்னா திரும்ப ஊதுபத்திதான்.

பொட்டு அவளோட யோசனை. டைப்ரைட்டர்ல எழுத்து இடம் மாறுமா? அதே மாதிரி சேவ் பண்ண சிவப்புப் பொட்டு, பிரிண்டுக்குப் பச்சை. மவுஸை அங்க கொண்டுபோனா கர்சரும் அந்தந்த இடத்துக்குப் போயிடணும். விரல் பழகின பிறகு மனசு— (இந்த வாக்கியம் வேணாம்.)

3
(கொஞ்சம் விளக்கணும், பொறுத்துக்கோங்க. அது புதுசா வந்த யு.எஸ்.பி. மவுஸ். 'நான் இந்த இடத்துல இருக்கேன்'னு அது சொல்றதே இல்ல. 'வலது பக்கம் இவ்ளோ, கீழ இவ்ளோ நகர்ந்தேன்'னு மட்டும் விடாம சொல்லிட்டிருக்கும். அதைக் கூட்டி கர்சரை நகர்த்தறது கம்ப்யூட்டர். கை வேகமா போனா, அது இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தள்ளிவிடும்.)

4
சிவப்புல இருந்து பச்சைக்கு விருட்டுன்னு இழுத்தா மகேஸ்வரி. அதே வழியில மெதுவா திரும்பினா. மவுஸ் சிவப்புக்கு வந்துடுச்சு, கர்சர் பாதி வழியில நின்னுடுச்சு.

"பாருங்க சார், என் மேல தப்பில்ல. வேகமா போனா கொசுறு குடுக்குது, மெதுவா வந்தா உள்ளதுதான்."

"தெரியுமுங்க. அந்த வேகத்தை செட்டிங்ல நிறுத்திடலாம். இருக்கறது ஒரே மிஷினு, அப்புறம் என் கை தடுமாறுமே?"

"இப்ப யார் கையில சார் பத்திரிகை இருக்கு?"

5
முடிவு ஒண்ணு: அவர் அந்த வேகத்தை நிறுத்தறார். கொஞ்ச நேரம் பொட்டு வேலை செய்யுது. அப்புறம் கர்சர் ஸ்க்ரீன் ஓரத்துல முட்டி நிக்குது, மவுஸ் போயிட்டே இருக்கு. கணக்கு மறுபடியும் போச்சு. [நடக்கக்கூடியதுதான். ஆனா எனக்கு மனசு வரல.]

முடிவு ரெண்டு: பொட்டை உரிச்சிட்டு ஸ்க்ரீனை மட்டும் பார்த்து ஓட்டறா. மெதுவாதான். பார்ட்டி வந்தாச்சு. மாப்பிள்ளை பேர் ஏறிடுச்சு, பொண்ணு பேர் இன்னும் ஏறல. அவங்களை உக்கார வெச்சு காபி சொல்லிட்டு, காளியப்பன் அவளைப் பார்க்கறார்.

இங்க நிறுத்திட்டேன். எனக்கு அவளைப் பிடிச்சுப்போச்சு, நான் எழுதினா வேலை குடுத்துடுவேன். அதனால என் பேச்சு செல்லாது. நீங்க காளியப்பன் சேர்ல உக்காருங்க. அவளை வெச்சுக்குவீங்களா, அனுப்பிடுவீங்களா? கீழே பதில் போடுங்க, காரணத்தோட.