பெயின்ட் காயாத சீட்

ஊசியக்காவுக்கு லேப்பில் புது வேன் கொடுத்த அன்றைக்கே, அவளுடைய பழைய காருக்கு வீட்டில் ஆள் தயாராக இருந்தது. வேறு யார், கணவரும் தம்பியும்தான்.

படுத்த படுக்கையாக இருப்பவர்கள், முட்டி தேய்ந்து படியிறங்க முடியாதவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. ஊசியக்கா என்ற பெயர் அவர்கள் வைத்ததுதான். பின்கதவை மேலே தூக்கித் திறக்கிற அந்தச் சின்னக் கார் அவளோடு சேர்ந்து சந்து பொந்தெல்லாம் அலைந்தது. நிறம் வெளுத்துவிட்டது. ஒரு கதவு உள்ளேயிருந்து மட்டும்தான் திறக்கும். ஆனால் இன்ஜின் மட்டும் கிண்ணென்று இருந்தது, ஏனென்றால் அவள் அதை ஒருநாளும் வதைத்ததில்லை.

"வண்டியை நானும் மச்சானும் எடுத்துக்கிறோம். ட்ராக்ல ஓட்டுற வண்டியா மாத்தப் போறோம்" என்றார் கணவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே.

அவள் சரி என்றாள். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாளா? தாராளமாகக் கொடுத்திருப்பாள். கேட்கவில்லையே, அதுதான் சுருக்கென்றது. சரி, இவளாவது வாயைத் திறந்து தன் மனசில் இருப்பதைச் சொன்னாளா என்றால் அதுவும் இல்லை. இவள் மனசிலும் ஒரு ஆசை நெடுநாளாக உட்கார்ந்திருந்தது. சிக்னல் இல்லாத, குண்டு குழி இல்லாத, குறுக்கே ஆள் பாயாத ஒரு ரோட்டில், அந்தக் காரை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மனசாரப் பறக்கவிட வேண்டும். வேன் வந்துவிட்டது, கார் கைமாறிவிட்டது, ஆசை மட்டும் போக இடமில்லாமல் அவளிடமே தங்கிவிட்டது.

ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் உண்டு. சில ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் அங்கே ஓட்டலாம். போட்டி கிடையாது, கோப்பை கிடையாது. சும்மா ஓட்டிவிட்டு, டயர் தேய்ந்து, சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வரலாம். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கணவர் ஒரு தடவை அங்கே வேடிக்கை பார்க்கப் போனார். அன்றைக்குப் பிடித்த பித்து இது. தம்பி வெல்டர். இரும்பு கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்கிற சொந்தப் பட்டறை. ஒருவருக்குப் பித்து, இன்னொருவரிடம் வெல்டிங் மெஷின். அப்புறம் கேட்கவா வேண்டும்?

பட்டறையில் வேலை ஆரம்பித்தது. கையில் காசு இல்லாதவன் வண்டியை வேகமாக்க ஒரே வழி எடையைக் குறைப்பதுதான் என்று தம்பி பாடம் எடுத்தான். பின்சீட் போனது, பக்கத்து சீட் போனது, ரேடியோ போனது, ஏசி போனது, கூரைத் துணி கிழிந்து போனது. தரையில் சத்தம் கேட்காமலிருக்க ஒட்டியிருந்த தார்த் தகடுகளைச் சூடுகாட்டிச் சூடுகாட்டிச் சுரண்டி எடுத்தார்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் கணவர் கையில் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறி நிற்பார். அதிலிருந்து தன் எடையைக் கழிப்பார். நடுவில் போய் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வந்து அதே கணக்கைத் தொடர்வார். பின்சீட்டைவிடக் கூரைத் துணி கனம் என்று ஒருநாள் கணக்கு வந்தது.

"மாமா, நீங்க ரெண்டு வேளை பட்டினி கிடந்தா போதும், இவ்வளவும் கழட்ட வேண்டியதே இல்ல" என்றான் தம்பி. சொன்னவன் ஒன்றும் ஒல்லிக்குச்சி இல்லை. கணவர் கொக்கு மாதிரி உயரம், தம்பி அதற்கு ஈடாக அகலம்.

காசு செலவழித்தது பிரேக்குக்கும் டயருக்கும் மட்டும்தான். ஓடுவதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கஞ்சத்தனம் பண்ணலாம், நிற்பதற்குப் பண்ணக்கூடாது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டையே வரவில்லை.

அவள் வேலை முடிந்து வரும் வழியில் பட்டறையில் எட்டிப்பார்ப்பாள். தன் கார் நாளுக்கு நாள் எலும்பும் தோலுமாக ஆவது முதலில் அவளுக்குப் பிடிக்கவில்லை. போகப் போக என்னவோ பிடித்துப்போனது. தேவையில்லாததெல்லாம் போனபிறகு கார் இளமையாகத் தெரிந்தது, பொய் சொல்லக்கூடாது. ஒருநாள் கழிவுத் தொட்டிக்குள் கியர் குமிழ் கிடந்தது. அவள் உள்ளங்கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்துபோன குமிழ். இப்போது கியர் கம்பியில் வெறும் டேப்தான் சுற்றியிருந்தது. அவள் யாரும் பார்க்காமல் குமிழை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

"அக்கா ஓட்டுனா வண்டி நகருதான்னே தெரியாது" என்று தம்பி எப்போதும் கிண்டல் செய்வான். அது உண்மைதான். ஆனால் அவன் நினைக்கிற அர்த்தத்தில் இல்லை. பக்கத்து சீட்டில் ரத்தக் குப்பிப் பெட்டி இருக்கும். ரொம்பக் குலுங்கினால் ரத்தம் கெட்டுவிடும், லேப்பில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், மறுபடியும் அந்த வயசானவர் கையில் நரம்பு தேடிக் குத்த வேண்டும். நேரம் தவறினாலும் அதே கதி. ஆக, சீக்கிரமும் போக வேண்டும், பெட்டியும் அசையக்கூடாது. பிரேக்கை மிதிக்க மாட்டாள், அழுத்துவாள். வளைவு வருவதற்கு முன்பே வேகத்தை அளந்து வைத்துவிடுவாள். வளைவுக்குள் போனபிறகு ஸ்டீயரிங்கை ஒரே ஒரு தடவைதான் திருப்புவாள், அங்கே இங்கே ஆட்ட மாட்டாள். இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

கடைசியாக வந்தது டிரைவர் சீட். பழைய வண்டிகளை உடைக்கிற இடத்திலிருந்து ஆமை ஓடு மாதிரி ஒரே வார்ப்பாக இருந்த ஃபைபர் பந்தய சீட் ஒன்றைத் தம்பி பிடித்து வந்தான். இரண்டு பக்கமும் இடுப்பை அணைத்துப் பிடிக்கிற சீட். முன்னே பின்னே தள்ளுகிற ரெயில் வேண்டாம், அது கனம், சீட்டின் இரும்புக் கால்களை நேராகத் தரையில் பற்றவைத்துவிடலாம் என்று முடிவானது. ஆனால் எங்கே பற்றவைப்பது? தம்பி கையில் வெல்டிங் கம்பி, கணவர் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு தரைத் தகட்டைத் தாங்கிப் பிடித்திருந்தார். அந்த நேரம் பார்த்து அவள் உள்ளே வந்தாள்.

"அக்கா, சும்மா ஒரு நிமிஷம் இதுல உக்காரு. அளவு பாக்கணும்."

கைப்பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தம்பி சீட்டை முன்னே தள்ளினான், பின்னே இழுத்தான். அவள் கிளட்சை அழுத்திப் பார்த்தாள், பிரேக்கை அழுத்திப் பார்த்தாள், ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் முன்னே என்றாள். முதுகு சாய்ந்தது, முழங்கை லேசாக மடிந்தது, கால் பெடலில் அழகாக உட்கார்ந்தது.

"காலு கையெல்லாம் சரியா இருக்கா?"

"எனக்குச் சரியா இருக்கு" என்றாள்.

எனக்கு என்றுதான் சொன்னாள். அழுத்திச் சொன்னாளா என்றால் அதெல்லாம் இல்லை. ஆனால் சொன்னாள். அடியில் படுத்திருந்தவரும் கவனிக்கவில்லை, மேலே நின்றவனும் கவனிக்கவில்லை. அவள் இறங்கியதும் குறித்த இடத்தில் புள்ளி வைத்துப் பற்றவைத்தான். பிறகு சீட்டுக்கும் தரைக்கும் கருப்புப் பெயின்ட் அடித்தான். தன் பெயின்ட் வேலை மேல் அவனுக்கு அலாதிப் பெருமை. நன்றாகக் காயும்வரை யாராவது உள்ளே கால் வைத்தால் காலை வெட்டிவிடுவேன் என்று ஒரே அதட்டல். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை ட்ரெய்லரில் ஏற்றியபோதும் வெளியில் நின்று கை விட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பித்தான் தள்ளினார்கள்.

தடத்தில் காலை வெயில் இதமாக இருந்தது. விதவிதமான கார்கள் வரிசையாக நின்றன. இவர்களுடையதுதான் இருப்பதிலேயே எளியது, ஆனால் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பச்சைச் சட்டை போட்ட மேற்பார்வையாளர் பிரேக், பெல்ட், டயர் எல்லாம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். முதல் சுற்றுக்கு வண்டிகளைக் கூப்பிட்டார்கள். கணவர் கையுறையை மாட்டினார், ஹெல்மெட்டைப் போட்டார், கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அவள் பார்க்காத மினுமினுப்போடு காருக்குள் நுழைந்தார்.

நுழைந்தார் என்று சொல்வது தப்பு. பாதிதான் நுழைந்தார். முட்டி இரண்டும் ஸ்டீயரிங்கில் இடித்தது. ஒரு முட்டியை மடக்கினார், தலை கூரையில் முட்டியது. கிளட்சில் கால் வைத்தால் எடுக்க முடியவில்லை. தம்பி அவரை வெளியே இழுத்துவிட்டு, தள்ளுங்க மாமா என்று தான் ஏறப் பார்த்தான். அவனுக்கு இடுப்பே சீட்டுக்குள் இறங்கவில்லை, விளிம்பில் முட்டை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளைப் பார்த்தார்கள்.

"நீ சரியா இருக்குன்னு சொன்னியேக்கா?"

"எனக்குச் சரியா இருக்குன்னு சொன்னேன்."

கணவர் ஹெல்மெட் போட்ட தலையில் கை வைத்துக்கொண்டு அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் காருக்கு அடியிலேயே கிடந்த மனிதர். தம்பி பரபரவென்று பக்கத்துக் கூடாரத்துக்குப் போனான். அங்கே கட்டிங் மெஷின் இருக்கிறதாம், சீட்டை வெட்டியெடுத்துப் பின்னால் போல்ட் போட்டு நிறுத்திவிடலாமாம், காலைச் சுற்று போனாலும் மதியச் சுற்றுக்குத் தயாராகிவிடுமாம். வந்து சொன்னான். கணவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

அவள் சீட்டைப் பார்த்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் சீட் பின்னால் போய்விடும், கார் போய்விடும், ஆசையும் போய்விடும். இனி ஒருநாளும் கிடைக்காது. யார் மேலும் குறை சொல்லவும் முடியாது.

"வெட்ட வேண்டாம்" என்றாள். "நான் ஓட்டுறேன்."

தம்பி சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அது என் வண்டி" என்றாள் கணவரிடம். "நீங்க கேக்காம எடுத்துக்கிட்டீங்க. நானும் வாயைத் தொறக்கல, என் தப்புதான். எனக்கும் இதை ஓட்டணும்னு ஆசைங்க. ரொம்ப நாளா."

கணவர் அவளையே பார்த்தார். இந்த ஆசை ஒரே வீட்டில் இருந்தும் தனக்குத் தெரியாமல் போனதே என்பதுதான் அவருக்குக் காரைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். மெதுவாக எழுந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். அது அவளுக்கு மூக்குவரை இறங்கியது. அவரே ஓடிப்போய் வாடகைக்குச் சின்னதாக ஒன்று வாங்கி வந்து, தாடைக்குக் கீழே பட்டையைப் போட்டு, இறுக்கமா இருக்கா, காது வலிக்குதா என்று இரண்டு தடவை கேட்டார்.

அவள் சீட்டில் உட்கார்ந்தாள். அச்சு வார்த்தது போல இருந்தது. கைப்பையைத் திறந்து கியர் குமிழை எடுத்துக் கம்பியில் திருகினாள்.

"அக்கா, அது எடை" என்றான் தம்பி.

"இருந்துட்டுப் போகட்டும்."

முதல் வட்டம் வழிகாட்டி வண்டிக்குப் பின்னால் மெதுவாகப் போனது. பிறகு விட்டார்கள். நேர் ரோட்டில் பளபளப்பான கார்களெல்லாம் அவளைத் தாண்டி உறுமிக்கொண்டு ஓடின. ஓடட்டும். வளைவு வந்தது. முன்னால் போனவர்கள் சடாரென்று பிரேக் போட்டு, வால் ஆட்டி, தடுமாறித் திரும்பினார்கள். அவள் அழுத்தினாள், அளந்தாள், ஒரே தடவை திருப்பினாள். பக்கத்தில் சீட்டே இல்லை, வெறும் கருப்புத் தகரம்தான். ஆனாலும் பெட்டி அங்கே இருப்பதாகவே நினைத்துக்கொண்டாள். கண்ணுக்குத் தெரியாத பெட்டி அசையாமல் வந்தது. எலும்பும் தோலுமான கார் காற்றாடி போல வளைந்து வெளியே வந்து, முன்னால் போனவனின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. அடுத்த வளைவில் இன்னொருவன். அதற்கடுத்த வளைவில் ஒரு சிவப்புக் கார்க்காரர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போங்கம்மா என்று வழிவிட்டார். அவள் ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்தாள். கேட்க யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று, அப்படி ஒரு சிரிப்பு.

நேரம் முடிந்து உள்ளே வந்து நிறுத்தினாள். பிரேக்கிலிருந்து சூட்டு வாசனை வந்தது. சிவப்புக் கார்க்காரர் தேடிக்கொண்டு வந்து, காருக்கு அடியில் குனிந்து பார்த்து, சஸ்பென்ஷன் எங்கே போட்டது என்று தம்பியிடம் விசாரித்தார். தம்பி தலையைச் சொறிந்தான். எல்லாம் கம்பெனியில் வந்த பழசுதான், மாற்றியது ஒன்றுமில்லை, ஓட்டினது எங்கள் அக்கா என்றான். அவன் அவளைப் பற்றி மூன்றாம் ஆளிடம் பெருமையாகச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

கணவர் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றார். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு தயங்கி, குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டில் பொருள் இரவல் கேட்பவர் மாதிரி கேட்டார்.

"ஏம்மா, அடுத்த வாட்டி எனக்கும் ஒரு ரவுண்டு வண்டியைக் குடுப்பியா?"

"கேட்டா குடுக்க மாட்டேனா?" என்றாள் அவள், சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டே. "முதல்ல தம்பிகிட்ட சொல்லி சீட்டுக்கு ரெயில் போடச் சொல்லுங்க."