கதவில் மாட்டிய வளையம்

அப்பா இறந்து பதினோரு மணி நேரம் கழித்து அண்ணன் வந்தான். அவள் ஹாலில் நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தை நின்றபடியே பார்த்துவிட்டு, தோளில் இருந்த பையை இறக்காமல் மாடிக்குப் போனான். அவளும் பின்னால் போனாள்.

அவனுடைய அறைக் கதவின் கைப்பிடியில் சிவப்பு இரும்பு வளையம் அப்படியே தொங்கியது.

ரயில்வே சிக்னல் பயிற்சிப் பள்ளியில் அப்பா ஆசிரியர். நூறு வருஷத்துக் கட்டடம். கூடம் முழுக்கச் சின்னத் தண்டவாளம், சின்ன ரயில். தண்டவாளத்தையும் சிக்னலையும் மாற்றுகிற லீவர்கள் மட்டும் ஆள் உயரம். பாதையில் வண்டி நின்றால், அந்த லீவரை யாரும் இழுத்துவிடாதபடி வளையம் மாட்டுவார்கள். மாட்டியவர்தான் எடுக்க வேண்டும். வீட்டிலும் ஒழுகும் குழாய்க்கு, கெட்டுப்போன சுவிட்சுக்கு என்று அதே வளையம், அதே சட்டம்.

அண்ணனும் அங்கேதான் பயிற்சிக்குச் சேர்ந்தான். ஒருநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும், "பொம்மை ரயில் ஓட்டறதுக்கு இவ்வளவு ஜம்பமா?" என்று அப்பாவைக் கேட்டான். அன்றைக்கே வீட்டை விட்டுப் போனான். மறுநாள் காலை கதவில் வளையம் இருந்தது. அவள்தான் அதைப் போனில் அவனிடம் சொன்னாள். பிறகு அவன் வரவேயில்லை.

"நான் லாட்ஜ்ல தங்கிக்கறேன்" என்றான்.

"அதை எடுத்துட்டு உள்ள போண்ணா."

"அவர் மாட்டினது. இனி யாரு எடுக்கறது?"

கீழே, அப்பாவோடு பள்ளியில் ஸ்டேஷன் மணிக் குறிப்புகள் சொல்லிக்கொடுத்தவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "வளையத்தை மாட்டிட்டுக் காய்ச்சல்னு மூணு நாள் படுத்துட்டார் மனுஷன். ஒருத்தனும் தொடலையே. வண்டி ஒரே ஸ்டேஷன்ல மூணு நாள் நின்னுது. நல்லவேளை, உள்ள யாரும் இல்ல."

யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள்.

அண்ணன் இறங்கத் திரும்பினான். அம்மா சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருந்தாள். அவனைத் தாண்டிப் போய் வளையத்தைக் கழற்றினாள். கைப்பிடியில் துருக்கோடு பதிந்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

"எடு, எடுன்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தார். அவர் கை வைக்கல."

"யாரைக் கேட்டார்?" என்றாள் அவள்.

அம்மா கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள்.

"என்னைத்தான். மாட்டினது நான்."