பின்படிக்கட்டில் ஏறாத தண்ணீர்

ஆறாம் மாடிக்கு நூற்றிருபத்தெட்டுப் படி. லிஃப்ட் செத்து முப்பது வருஷமாகிறது. குழாய்த் தண்ணீரும் மேலே ஏறுவதில்லை. முற்றத்துக் குழாயில் பத்து லிட்டர் கேனை நிரப்பிக்கொண்டு முன்வாசலுக்கு வந்த ஃபெலிஸ்மினாவைக் காவல்காரர் அர்மிந்து மறித்தார்.

"அம்மா, இந்தப் பக்கம் வேணாம். பின்னாடி இரும்புப் படியில போங்க."

"எதுக்குய்யா?"

அவர் சுவரைக் காட்டினார். புதுப் பலகை. வேலைக்காரர்களும் சுமை தூக்குவோரும் பின்படிக்கட்டில் போக வேண்டுமாம்.

"யாரு மாட்டுனது?"

"நாலாம் மாடிய வாங்கி, தனக்கு மட்டும் மோட்டார் போட்டிருக்காங்களே, அந்த வக்கீலம்மா. அவங்க தாத்தாவும் நாணல் குடிசையில கெடந்தவருதான். நான் வாயத் தொறந்தா வேலை போயிடும்."

மாபுட்டோ நகரத்தில் போர்ச்சுகீசியர் கோலோச்சிய காலத்திலும், பணக்காரப் பேட்டையான போலானாவின் இந்தக் கட்டடத்தில் இப்படியொரு பலகை இருந்தது. பதினைந்து வயதில் அவர்களுடைய அழுக்கு மூட்டைகளோடு அந்த இரும்புப் படியில் ஏறியிறங்கித்தான் அவள் முழங்கால் தேய்ந்தது. விடுதலை வந்தது, துரைமார் மூட்டை கட்டினார்கள். மறு வருஷம் அரசாங்கம் ஆறாம் மாடி வீட்டை அவளுக்குக் கொடுத்த அன்றே, சமையல் கத்தியால் நெம்பிப் பலகையைக் கழற்றினாள். செத்தாலும் இனிப் பின்படியில் கால் வைக்கமாட்டேன் என்றாள். தெருவே கைதட்டியது. ஐம்பது வருஷம் கழித்து, பழைய குருடி கதவைத் திறடி!

இன்னொரு பலகையைக் கழற்ற அவளுக்குத் தெம்பில்லை. சண்டை போடக்கூட அலுப்பாக இருந்தது.

"சுமை இருந்தாத்தானே பின்னாடி? வெறுங்கையா போனா?"

"வெறுங்கையா போனா நீங்க வீட்டுக்காரங்க. யாரு கேக்கப் போறா?"

கேனை அவர் காலடியில் வைத்தாள். "அப்ப இது இங்கயே கெடக்கட்டும்."

"ஐயோ, குடிக்கத் தண்ணி? வீராப்பு தாகத்தத் தீக்குமாம்மா? நானாவது பின்னாடியா தூக்கிட்டு வரட்டா?"

"வேணாம். என் தண்ணியும் அந்தப் படியில ஏறாது."

மாடிக்கு மாடி உட்கார்ந்து, கைப்பிடியை இழுத்து இழுத்து முன்படியில் ஏற அரை மணி நேரமானது. மேலே போனதும் சமையலறைத் தண்ணீர்ப் பீப்பாயின் மூடியைத் தூக்கினாள். அன்று கழற்றிய பலகைதான் இத்தனை வருஷமாக அதற்கு மூடி. எழுத்து இன்னும் அழியவில்லை. பீப்பாயின் அடியில் ஒரு தம்ளர் தண்ணீர் கிடந்தது. மாத்திரைக்குப் பாதியைக் குடித்தாள். மீதியை நாளைக்கு விட்டுவிட்டு, எழுத்து கீழே போகும்படி பலகையைத் திருப்பி மூடினாள்.