ஐந்தாவது பெயர்

சுகுணா பாய்ந்தாள். சுவரில் மாட்டியிருந்த ரவுட்டரின் பவர் வயரைப் பிடித்து ஒரே இழுப்பு. பச்சை விளக்குகள் அணைந்தன.

திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். திரையில் மவுஸ் அம்பு நின்றுவிட்டிருந்தது. 'விண்ணப்பத்தை ரத்து செய்யவா?' என்ற கேள்விக்குக் கீழே, 'ஆம்' பொத்தானுக்கு ஒரு நகக்கண் தூரத்தில்.

அந்த அம்பை அங்கே கொண்டுபோனது அவளில்லை. மவுஸ் மேஜைமேல் தனியாகக் கிடந்தது. அவள் கையில் மோர் டம்ளர் இருந்தது.

மணி பதினொன்று இருபது.

"என்னத்தா சத்தம்?" கொல்லைப்பக்கமிருந்து ஓடிவந்தார் மாமனார் முத்துராமன். கையில் பருத்திக்கொட்டை வாசம்.

"மாமா, யாரோ நம்ம கம்ப்யூட்டருக்குள்ள பூந்துட்டாக. காரியோட டோக்கன ரத்து பண்ணப் பாத்தாக!"

முத்துராமன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

காரி அவர்கள் வீட்டுக் காளை. கன்றிலிருந்து சுகுணா கைப்பட வளர்த்தது. மூன்று வருடம் நீச்சல், நடை, மண் குத்துதல் எல்லாம் பழக்கி, இந்தத் தை மாத ஜல்லிக்கட்டில்தான் முதன்முதலாக வாடிவாசல் பார்க்கப்போகிறது. இணையத்தில் விண்ணப்பித்து இடமும் கிடைத்துவிட்டது. இன்று பகல் பன்னிரண்டுக்குள் டோக்கனை இறக்கிக்கொள்ள வேண்டும். தவறினாலோ, ரத்தானாலோ, அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருக்கும் காளைக்குப் போய்விடும்.

"விக்ரமா இருக்கும்த்தா. அவன்தான கத்தார்ல இருந்தே இதத் தொறந்து ரிப்பேர் பாப்பான்?"

"ஒங்க மகன் இப்ப கிரேன் மேல இருக்காரு. ஷிப்ட்டு முடியிற மட்டும் போனையே தொட முடியாது."

ஆனால் வழி அதுதான். கணவன் தூரத்திலிருந்து இயக்குவதற்காகப் போட்டு வைத்த அந்தப் புரோகிராம். முதலில் அதை அடியோடு நீக்கினாள்.

"அதுக்கு என்ன பாஸ்வேர்டு மாமா போட்டீங்க? விக்ரம் ஒங்களத்தான அடிக்கச் சொன்னாரு?"

"வைபைக்கு உள்ளதுதான். எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

"அந்த ஒண்ணு என்ன?"

முத்துராமனின் காது சிவந்தது. "அது எதுக்கு ஒனக்கு? யாருக்கும் நான் சொன்னதில்ல. பேப்பர்ல எழுதினதும் இல்ல. ஒன் போன்லயே நான்தான அடிச்சுக் குடுத்தேன்?"

உண்மைதான். முதுகைக் காட்டிக்கொண்டு, கையால் மறைத்துக்கொண்டு அடித்துக் கொடுத்தார். சுகுணாவுக்கு இன்றுவரை தெரியாது.

தெரிந்துகொள்ள இப்போது நேரமும் இல்லை. பதினொன்று இருபத்தொன்பது. பவரைச் செருகினாள். கம்ப்யூட்டரை வயரால் நேரடியாக ரவுட்டரோடு இணைத்தாள். ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, கம்ப்யூட்டரில் அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தாள். கம்பெனிக்காரன் வைத்த பாஸ்வேர்டு, வாங்கிய நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை!

இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் விரிந்தது.

மாமாவின் போன். அவள் போன். டிவி. இந்தக் கம்ப்யூட்டர்.

நாலு. ஆனால் பட்டியலில் ஐந்து பெயர்கள்.

ஐந்தாவது: 'மயிலை கிங்'.

சுகுணாவின் உதட்டில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அன்னவாசல் வட்டாரத்தில் காளை வளர்ப்பவன் பைக்கில் காளை பேரை எழுதுவான், சட்டையில் அச்சடிப்பான். இவன் லேப்டாப்புக்கே வைத்திருக்கிறான்.

"மாமா, காத்திருப்போர் பட்டியல்ல மொதல்ல நிக்கிறது எந்த மாடு?"

"நம்ம எதுத்த வீட்டு நாகராசோட மயிலை..." வாய் திறந்தபடி நின்றது. "அடப்பாவி! எங்கடா அருவா!"

"அருவா வேணாம். உக்காருங்க."

பட்டியலைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அவள் விரல்கள் பறந்தன. ரவுட்டருக்குப் புதுப் பூட்டு. வைபைக்குப் புதுப் பாஸ்வேர்டு.

"காரி பேர வச்சிரு, ராசியா இருக்கும்," என்றார் முத்துராமன்.

"காரி பேரு ஊருக்கே தெரியும் மாமா. ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத நாலு வார்த்தையச் சேத்துப் போடுறேன். எந்தக் கொம்பனாலயும் யூகிக்க முடியாது."

பட்டியலில் ஐந்தாவது பெயர் அணைந்தது.

விண்ணப்பத் தளத்தில் 'இல்லை'யை அழுத்தினாள். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றினாள். டோக்கனை இறக்க, போனுக்கு வந்த ஓடிபி எண்ணை அடித்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பதினொன்று ஐம்பத்திரண்டு. முத்துராமன் வேட்டி நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பிரிண்டர் கரகரத்தது.

டோக்கன்! காரியின் படம், சுகுணாவின் பெயர், நாற்பத்தேழாம் எண்.

முத்துராமன் அடித்த விசிலில் கொல்லையில் காரியே தலையைத் தூக்கிப் பார்த்தது.

அதே நேரம் வாசலில் ஒரு குரல். "மாமா! ஒங்க வீட்ல நெட்டு போயிருச்சா?"

கைலியை மடித்துக் கட்டியபடி நாகராசு நின்றான்.

சுகுணா டோக்கனை விசிறிக்கொண்டே வெளியே வந்தாள். "எங்க வீட்டு நெட்டு போனா ஒங்களுக்கு என்னண்ணே வருத்தம்?"

"சு... சும்மா கேட்டேன் தங்கச்சி."

"ஒங்க மயிலை இத்தன நாளா எங்க வீட்டுக்குள்ள வந்து மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. இப்பத்தான் வேலி போட்டேன். பேரோட படம் புடிச்சு வச்சிருக்கேன். விழாக் கமிட்டிக்கு நீங்களே போய்ச் சொல்றீங்களா, நான் போகவா?"

நாகராசின் முகம் செத்துப்போனது. "நானே சொல்லிர்றேன் தங்கச்சி. போலீசு மட்டும் வேணாம்."

"அதெல்லாம் இருக்கட்டும்டா!" முத்துராமன் படி இறங்கி வந்தார். "எம் பாஸ்வேர்டு ஒனக்கு எப்படிடா தெரியும்? பெத்த மகனுக்குக்கூட அத நான் வாயால சொன்னதில்லடா!"

நாகராசு அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "நான் தெனமும் எதுத்தாப்லதான மாமா உக்காந்திருக்கேன்? சும்மா அடிச்சுப் பாத்தேன். தொறந்துக்கிருச்சு." தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினான்.

சுகுணா தெருவில் இறங்கி, திரும்பி, அவன் காட்டிய இடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

வீட்டின் நெற்றியில், சிமெண்டில் செய்து ஊதா பெயிண்ட் அடித்த ஒரு முழ உயர எழுத்துகள். மறைந்த மாமியாரின் பெயரும், வீடு கட்டிய வருடமும்:

பொன்னுத்தாய் 1998.