ஆதியம்மாள் கொடுத்த சம்மதம்

தேசப்பனுக்குத் துறவு பிடித்துக்கொண்டது மிசா காலத்தில். திருவிடந்தைக்குத் தெற்கே, மகாபலிபுரம் பக்கம் இருக்கும் எங்கள் குப்பத்தில் அதற்கு முன் யாருக்கும் அது பிடித்ததில்லை. சாராயம் பிடிக்கும், கட்சி பிடிக்கும். செங்கல்பட்டில் வாடகை வீட்டில் தங்கியிருந்த ஒரு புத்த பிக்குவிடம் நாலைந்து முறை போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தான். பற்றுதான் துக்கத்துக்கு வேர் என்றாராம் அவர். இவன் உடனே வேரைப் பிடுங்கக் கிளம்பிவிட்டான். டிரான்சிஸ்டரை எதிர்வீட்டுக்குக் கொடுத்தான். வலையையும் கட்டுமரத்தையும் மச்சான் துரைக்குக் கொடுத்தான். கொடுத்ததை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தான். அதுதான் எனக்கு எரிச்சல்.

காவி கேட்டபோது பிக்கு ஒரு நிபந்தனை போட்டார். வீட்டார் சம்மதம் இல்லாமல் சங்கத்தில் சேர்ப்பதில்லையாம். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பிள்ளைகள் இல்லை. மிச்சம் பெண்டாட்டி ஆதியம்மாள்தான்.

அவள் விடமாட்டாள் என்றே நாங்கள் நினைத்தோம். அவனும் அப்படித்தான் நினைத்தான். காலைக் கட்டிக்கொண்டு அழுவாள், தான் அசையாமல் நிற்க வேண்டும் என்று வழியெல்லாம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்தான்.

ஆதியம்மாள் மணலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் சாமியாரா போவப்போறேன். நீ சரின்னு சொல்லணும்."

"சரி, போ."

"இன்னா, அவ்ளோதானா? திரும்பி வரமாட்டேன்டி."

"தெரியும்யா." காக்கையை விரட்டினாள். "கட்டிகினு வந்த நாள்லேர்ந்து உன்ன கடலுக்கு அனுப்பிகினுதான் கீறேன். ஒவ்வொரு வாட்டியும், இன்னியோட அவ்ளோதான்னு நெனச்சிகினுதான் அனுப்பறேன். வந்தா சோறு போடுவேன். இன்னிக்கி உசுரோட போற. அதுக்கு இன்னாத்துக்கு அழுவறது?"

கோபமில்லை, குத்தலுமில்லை. அவன் தேடிய எதுவும் அவள் முகத்தில் இல்லை. மீண்டும் குனிந்து கருவாட்டைப் புரட்டினாள்.

மறுநாள் செங்கல்பட்டில் பிக்கு கேட்டார். "சம்மதம் கிடைத்ததா?"

"கெடச்சிட்சி சாமி."

"அப்புறம் ஏன் வாசலிலேயே நிற்கிறாய்?"

"இருய்யான்னு ஒரு வார்த்த சொல்லல சாமி அவ." தேசப்பன் வாசற்படியில் உட்கார்ந்து விம்மினான்.

பிக்கு அவனுக்காக மடித்து வைத்திருந்த காவித் துணியை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். பிறகு வெளியே வந்து, மகாபலிபுரத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்.