பேச்சிராஜாவின் இலையில் எதை வைப்பது

1

இந்தக் கதை என் அம்மாவின் மிளகூட்டலில் தொடங்கியது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் அது தொடங்கியது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா ஒரு டப்பாவைத் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு, "தாராவிக்கு டாக்ஸி கூப்பிடு" என்று சொன்னபோது. பலகுரல் பேச்சிராஜா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைக்கப் போகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தேங்காய் அரைத்துவிட்டுச் செய்கிற தன் மிளகூட்டல் இல்லாமல் அது எப்படி நடக்கும் என்பது அம்மாவின் எண்ணம்.

(பேச்சிராஜாவைத் தெரியாதவர்களுக்கு: பகலில் தாராவியில் பை தைக்கும் பட்டறையில் வேலை. மாலையானால் பம்பாயில் தமிழர் இருக்கும் இடமெல்லாம் மேடை. குக்கர் விசில்தான் அவருடைய பெயர்பெற்ற ஐட்டம். மாட்டுங்கா குக்கர் விசில் அடிக்கும் முன் தொண்டையைச் செருமும். தாராவி குக்கர் பக்கத்து வீட்டுக் குக்கரோடு சண்டைக்குப் போகும். சான்பாடா குக்கர் வீட்டுக்கடன் ஞாபகம் வந்து பாதியில் அடங்கிவிடும்.)

திலக் நகர் கணபதி பந்தலில், தகரக் கூரையில் மழை கொட்ட, நான் அதைக் கேட்டு நாற்காலியிலிருந்து விழுந்திருக்கிறேன். நிஜமாகவே விழுந்தேன். இப்போது கைப்பேசியில் ஆயிரம் பேர் சிரிக்க வைக்கிறார்கள். நாற்காலியிலிருந்து விழுவதற்கு ஒருவரும் இல்லை. எனக்கு அந்த மனிதர் இல்லாதது மிகவும் வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "உளுந்து வறுபடும் வாசனை கல்லிச் சந்து முழுக்கப் பரவியபோது பானுமதி—"

வேண்டாம். வறுக்கிற வாசனையோடு தொடங்குகிற கதைகள் ஊரில் போதுமான அளவு இருக்கின்றன.

இரண்டாம் தொடக்கம்: "மேடையில் ஊரையே சிரிக்க வைத்தவர், வீட்டுக்குள் நுழைந்தால்—"

[இதையும் முடிக்கப் போவதில்லை. எப்படி முடியும் என்று உங்களுக்கே தெரியும். தெரிந்த வாக்கியங்களில் ஆட்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.]

மூன்றாவது: பேச்சிராஜாவின் மனைவி பானுமதிக்கு, தன் கணவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது.

இதை வைத்துக்கொள்கிறேன். இது நிஜம்.

3

தெற்கத்திக் குடும்பங்களில் வருஷப் படையல் என்றால் இறந்தவர் ஆசைப்பட்டுத் தின்றதை எல்லாம் இலையில் பரிமாறி, படத்துக்கு முன்னால் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பார்கள். அவர் வந்து சாப்பிட வேண்டும், யாரும் பார்க்கக் கூடாது. பானுமதிக்கு இந்த முறையெல்லாம் அத்துபடி. எதை வைப்பது என்பதில்தான் மனசு இடறியது.

இருபத்தைந்து வருஷம் சமைத்துப் போட்டவள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் "ம்" என்பார். உப்பு குறைந்தாலும் அதே "ம்". ஆனால் மேடை முடிந்து வருகிற நாட்களில், தனக்குச் சோறு போட்ட வீடுகளைப் பற்றி வாய் ஓயாது. செம்பூர் மாமி, அதாவது என் அம்மா, கரண்டியை எப்படிப் பிடித்தாள், ரசத்தை எப்படி ஊற்றினாள் என்று நடித்தே காட்டுவார். பானுமதி வயிறு வலிக்கச் சிரிப்பாள். சிரித்து முடித்தபிறகு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாள். அப்போது என்ன நினைத்தாள் என்று

[நிறுத்துகிறேன். அது எனக்குத் தெரியாது. கேட்டபோது, "பாத்திரம் கழுவும்போது என்னத்த நினைக்க" என்றுதான் சொன்னாள்.]

அன்று காலை அவள் உளுந்தஞ்சோறும்* எள்ளுத் துவையலும் செய்தாள். அவர் இரண்டாம் தடவை தட்டை நீட்டியது எதற்காவது என்றால் அதற்குத்தான் என்று ஒரு நினைப்பு. நினைப்புதான், சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணமாட்டாள்.

* தோலோடு உடைத்த தொலி உளுந்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ. வெண்பொங்கலுக்குத் தூரத்துச் சொந்தம் என்பாள் என் அம்மா. பானுமதியின் காதில் விழ வேண்டாம்.

4

நாங்கள் போனபோது அந்த ஒற்றை அறையில் படத்துக்கு மாலை போட்டிருந்தது. பக்கத்து வீட்டு ராபியா கறிக்கஞ்சி கொண்டுவந்திருந்தாள். மாட்டுங்காவில் தமிழ் மன்றச் செயலாளராக இருந்த சந்திரமௌலி, மனைவி கொடுத்தனுப்பிய பூசணிக்காய் மோர்க்குழம்போடு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்.

அம்மா டப்பாவைத் திறந்துகொண்டே, பேச்சிராஜா கடைசியாக எங்கள் வீட்டில் சாப்பிட்டபோது சொன்னதைச் சொன்னாள். "'சாகறப்போ என் வாயில பால் ஊத்த வேண்டாம் மாமி, இந்த மொளகூட்டலை ஊத்துங்கோ'ன்னார். அப்படியே சொன்னார்."

சந்திரமௌலி நிமிர்ந்து பார்த்தார். மோர்க்குழம்பைப் பற்றி அவர் வீட்டிலும் அதே வாக்கியம் சொல்லப்பட்டிருந்தது. ராபியா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கஞ்சிக்கும் அதே பால், அதே கடைசி நேரம். அண்ணன் போகிற வீட்டிலெல்லாம் இதைச் சொல்லிவைத்திருந்தால் அத்தனையையும் ஊற்றுவதற்குள் பிழைத்தே எழுந்திருப்பாரே என்றாள் ராபியா. முதலில் சிரித்தது என் அம்மாதான். இத்தனை வருஷம் பெருமையடித்துக்கொண்ட ஒன்று கண்ணெதிரே உடைந்ததற்கு அவள் சிரித்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லாருமாகச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதோம் என்றும் சொல்லலாம், சந்திரமௌலி மூக்கைச் சிந்தினார்.

(பேச்சிராஜா பட்டறையிலேயே மாரடைப்பில் போனார். வாயில் எதையும் ஊற்ற யாருக்கும் நேரம் இருக்கவில்லை.)

பானுமதி எல்லாவற்றையும் வாங்கி இலையில் வைத்தாள். மிளகூட்டலுக்குப் பக்கத்தில் கறிக்கஞ்சிக் கிண்ணம் வந்தது. அம்மா பார்க்காத மாதிரி இருந்தாள். பிறகு, கேட்காமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றைக் கேட்டாள். "உன் கையால எதுடி அவருக்கு உசுரு?"

பானுமதி இலையைச் சரிசெய்துகொண்டே பதில் சொன்னாள். "எங்கிட்ட ஒண்ணுஞ் சொன்னதில்ல மாமி. 'ம்'முன்னு தின்னுட்டு எந்திச்சிருவாக."

அடுப்பில் மூடியிருந்த உளுந்தஞ்சோற்றுப் பானையைக் காட்டி, அதையும் ஒரு கரண்டி வை என்றாள் அம்மா.

"வைக்கல. அவுகளுக்கு வேணும்னா அடுப்படிக்குப் போயி எடுத்துத் திங்கட்டும். இம்புட்டு நாளா நான்தான எடுத்துப் போட்டேன்."

சொல்லிவிட்டு எங்களை வெளியே அனுப்பி, தானும் வந்து கதவைச் சாத்தினாள்.

5

இப்போது எல்லாரும் கல்லியில் நிற்கிறோம். கதவு சாத்தியிருக்கிறது. கதையை முடிக்க வேண்டும், என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

(அ) கதவைத் திறந்தால் இலையில் எல்லாம் அப்படியே இருக்கிறது, அடுப்பிலிருக்கும் பானையின் மூடி மட்டும் விலகியிருக்கிறது. அழகான முடிவு. ஆனால் தாராவியில் பூனைகள் உண்டு. நீங்கள் பூனையைத்தான் சந்தேகப்படுவீர்கள்.

(ஆ) எதுவும் நகரவில்லை. பானுமதி பானையை எடுத்து இலையின் நடுவே கவிழ்க்கிறாள். இதில் கோபம் தீர்ந்துவிடுகிறது. அவளுக்குத் தீர்ந்ததா என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை.

(இ) பானுமதிக்குப் புரிகிறது: மற்ற வீடுகளில் அவர் பேசியது தொழில், தன் வீட்டில் மட்டும்தான் அவர் வேஷம் கலைத்துச் சாப்பிட்டார். அந்த "ம்"தான் அவருடைய பிரியம்.

மூன்றாவதை எழுதும்போது என் கண் கலங்கியது. அந்த முடிவோடு முழுக் கதையையும் வாசித்துப் பதிவுசெய்து பானுமதிக்கு அனுப்பினேன். சாயங்காலம் கூப்பிட்டாள். முதலில் அம்மாவின் முட்டிவலியைப் பற்றி விசாரித்தாள். குக்கர் விசில் வருகிற இடத்தை நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். அப்புறம்:

"கடைசில உள்ளத மாத்திரம் அப்பிடி எழுதாத, ரஞ்சனா. சொல்லாததுல என்ன பிரியம் இருக்கு? ஊருக்கெல்லாம் சொன்ன வாய்தான. எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா."

ஆறுதலாக இருக்குமென்று நினைத்தேன் என்றேன். ஆறுதல் உனக்குத்தான் என்றாள். அதில் கோபம் இல்லை. அவர் மேல் எனக்குப் பிரியம் இல்லையென்றும் எழுதிவிடாதே என்றாள். இரண்டும் இருக்கட்டும் என்றாள்.

(இ)யை எடுத்துவிட்டேன். மேலே இருப்பது அதன் தடம் மட்டும்.

6

நடந்தது இவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துப் பானுமதி கதவைத் தட்டினாள், முறைப்படி. திறந்து அவள் மட்டும் உள்ளே போனாள். முறைப்படி நாங்களும் பின்னாலேயே போயிருக்க வேண்டும். ஆனால் அவள் உள்ளேயிருந்து மறுபடி கதவைச் சாத்திக்கொண்டாள். அப்படி யாரும் செய்து நான் கேள்விப்பட்டதில்லை, ராபியாவும் கேள்விப்பட்டதில்லை. சந்திரமௌலி என்னவோ கேட்க வாயெடுத்தார், அம்மா கையைக் காட்டி அடக்கினாள்.

உள்ளே என்ன நடந்தது என்று நான் பானுமதியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அப்புறம் அது என் கதையாகிவிடும்.

அதனால் இதை நீங்கள் எழுதுங்கள். அவள் பானையைத் திறந்து ஒரு கவளம் உருட்டிப் படத்துக்கு நேராக நீட்டியிருக்கலாம். தானே உட்கார்ந்து தின்றிருக்கலாம். அவரை வரவழைத்து எதிரே உட்கார வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, கதைதானே. இப்படி விடப்போகிறேன் என்று சொன்னபோது பானுமதி கேட்டுக்கொண்ட ஒரே நிபந்தனையை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவரைப் பேச வைப்பதானால் மாமியின் குரல் வேண்டாம், குக்கர் வேண்டாம், யாருடைய குரலும் வேண்டாம். அவருடைய சொந்தக் குரல். நான் மேடையில் ஒரு நாளும் கேட்காத குரல் அது, எனக்கு எழுத வராது.

ஒரு வார்த்தைக்கு இடம் விட்டிருக்கிறேன்.

பானுமதி உளுந்தஞ்சோற்றைத் தட்டில் போட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"........................" என்றார் பேச்சிராஜா.