கிரைண்டருக்கு வைத்த பொட்டு

மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் கம்பெனியில் நான் கள அலுவலர். மயிலாப்பூர் வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு வைத்த கௌரவமான பெயர் அது. கடனில் வாங்கிய பொருளைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். தொழிலுக்கு வாங்கவில்லை என்று தெரிந்தால் அடுத்த கடன் கிடையாது.

இடியாப்பம் விற்றுத் தவணை தவறாமல் கட்டும் கைசர் ஜஹான் வீட்டில் கிரைண்டர் இருந்தது. அதன் நெற்றியில் ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

"எப்பலேர்ந்தும்மா ஆயுத பூஜை போடறீங்க?"

அவர் தலை குனிந்தார். "பக்கத்து வூட்டு கோமதிது சார். லோன் துட்டுல கக்கூஸ் கட்டிட்டேன். பொண்ணு வயசுக்கு வந்துட்டா. பொதுக் கக்கூஸ்ல தாப்பாளே இல்ல. அடுத்த லோன்ல நெசமாவே கிரைண்டர் வாங்கிடுவேன்."

காலையிலிருந்து அடக்கிக்கொண்டு அலைபவன் நான். "போய்ட்டு வரலாமா?" என்றேன்.

உள்ளே நீல ஓடு, வாளி நிறையத் தண்ணீர். என் வாடகை வீட்டில்கூடத் தாழ்ப்பாள் அவ்வளவு நன்றாக விழாது.

வெளியே வந்து, கைக்குட்டையை நனைத்துச் சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்துவிட்டுப் படமெடுத்தேன்.

"கோமதி கேட்டா இன்னா சார் சொல்றது?"

"அடுத்த வாரம் அவங்க லோனுக்கு இதையே அவங்க வீட்ல படமெடுக்கணும். மறுபடியும் பொட்டு வெச்சுடச் சொல்லுங்க. வேற கிரைண்டர் மாதிரி தெரியும்."